சுவருக்கு அங்குட்டு

1

டொராண்டோ நகரத்தின் வடக்கு ஓரத்தில், நாங்கள் குடியிருக்கும் தெரு முடிகிற இடத்தில் ஒரு சோளக்காடு இருந்தது. நான் இங்கு வந்த ஆண்டு அதில் கதிர் அறுத்தார்கள். மறு ஆண்டு எல்லைக் குச்சிகள் நட்டார்கள். இப்போது அங்கே வரிசையாக வீடுகள் நிற்கின்றன. கூரை வேய்ந்து, சன்னலுக்குக் கண்ணாடி போட்டு, வாசலுக்குப் பூட்டும் மாட்டியாயிற்று. ஆனால் ஒரு வீட்டிலும் விளக்கு எரியவில்லை. பெரிய கழிவுநீர்க் குழாய் இன்னும் அந்தப் பக்கம் வந்து சேராததால், அது வரும்வரை யாரும் குடிபோகக் கூடாது என்று நகர மன்றம் நிறுத்தி வைத்திருக்கிறது.

அந்த இருட்டு வீடுகளில் ஒன்று என் மகள் செலினுடையது. அவள் இங்கே மருத்துவமனையில் நர்ஸ். அவளும் மருமகனும் பேத்தியும் நானும் இன்னொருவர் வீட்டின் நிலவறையில் வாடகைக்கு இருக்கிறோம். சன்னல் தரைமட்டத்தில் இருக்கிறது. பனி பெய்தால் அது மூடிக்கொள்ளும். பகலிலும் விளக்குப் போட வேண்டும். புது வீட்டுக்குக் குளிர் தொடங்குமுன் போய்விடலாம் என்று நம்பி, பேத்தியைப் புதுப் பகுதியின் பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே போதிய வகுப்பறை இல்லை. விளையாட்டு மைதானத்தில் தகரப் பெட்டி போன்ற அறைகளை இறக்கிப் பாடம் நடத்துகிறார்கள். பேத்தி அதை ‘பெட்டி’ என்கிறாள். அவள் வாயில் மிச்சமிருக்கும் சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

வீடு கட்டியவர்கள் ஒரு யோசனை சொன்னார்கள். குழாய் வரும்வரை வரிசைக்கு ஒரு தொட்டி புதைத்து, லாரி வைத்து அள்ளிவிடலாம். மக்களைக் குடியேற விடுங்கள் என்றார்கள். அதை முடிவு செய்ய ஒரு மாலைக் கூட்டம் வைத்தார்கள். அதில் யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம். செலின் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

“அப்பா, நீங்க இஞ்சினியரிங் வாத்தியாரு. காரைக்குடியில எத்தனை வீட்டுக்குப் பிளான் போட்டிருக்கீக. தொட்டி வச்சா ஒண்ணும் ஆகாதுன்னு நாலு வார்த்தை சொல்லுங்க. நரைச்ச தலைக்கு இங்கயும் கொஞ்சம் மரியாதை இருக்கு.”

சரி என்றேன்.

கூட்டத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் வழக்கம்போலக் காரைக்குடியில் கருப்பையாவைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். பாலிடெக்னிக்கில் நான் கட்டடவியல் ஆசிரியர். அவர் பணிமனைப் பயிற்றுநர். கீழச்சிவல்பட்டிப் பக்கம் விவசாயக் குடும்பம். என்னைவிடப் பத்து வயது இளையவர். உடன்பிறந்தவன் இல்லாத எனக்கு அந்த இடத்தில் இருந்தவர்.

“அண்ணே, நல்ல சேதி. நம்ம வள்ளிக்கு ஆறு மாசம் முடியப்போவுது. ஏழு பொறந்ததும் இங்குட்டுக் கூட்டியாந்துருவோம்.”

“நாட்டரசன்கோட்டையில மாமியார் வீட்டுலயே இருக்கட்டுமே கருப்பையா. அலைச்சல் எதுக்கு?”

“நல்லாச் சொன்னீக போங்க. போன தடவைதான் கை நழுவிப் போச்சு. இந்தத் தடவையாச்சும் பொறந்த வீட்டுல இருந்து பெத்துக்கிட்டுப் போகட்டும். மீனாளு இப்பவே கெணத்தடியத் தேச்சுத் தேச்சுக் கழுவிக்கிட்டு இருக்கா.”

மீனாள் அவர் மனைவி, வள்ளி அவர்கள் மகள். நான் தொலைபேசியை வைத்தேன். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கத்தான் வள்ளி வரப்போகிறாள். அதில் என்ன கலக்கிறது என்று எனக்குத் தெரியும். கருப்பையாவுக்குத் தெரியாது. தெரியாமல் வைத்திருந்தவன் நான்.

2

வெளியூர் வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் காரைக்குடி ஒரே சமயத்தில் காலியாகவும் நெரிசலாகவும் இருந்தது. ஒரு தெருவில் முகப்பும் மறு தெருவில் பின்கட்டுமாக நீளும் பெரிய வீடுகள் பூட்டிக் கிடந்தன. பங்காளிகள் கல்யாணத்துக்கு வந்து திறப்பார்கள். முடிந்ததும் பூட்டிவிட்டுப் போவார்கள். மறுபுறம் வாத்தியார்கள், வங்கி குமாஸ்தாக்கள், பிள்ளைகளின் படிப்புக்காகக் கிராமத்தை விட்டு வந்த விவசாயக் குடும்பங்கள் எல்லாரும் வீடு தேடி அலைந்தார்கள். ஊருக்கு வெளியே செம்மண் பொட்டலை அளந்து மனைகளாக விற்றார்கள். ஒடுக்கமான மனைகள், பக்கத்துக்குப் பக்கம் ஒட்டி நிற்பவை.

முதலில் வீடுகள் வந்தன. பிறகு மின்கம்பம் வந்தது. சாலை பாதி வந்து நின்றது. குடிநீர்க் குழாயும் வரவில்லை, சாக்கடையும் வரவில்லை. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. காரைக்குடித் தண்ணீரின் இனிப்பு அப்படி. மதுரையிலிருந்து வரும் சம்பந்திகள்கூடத் திரும்பும்போது குடத்தில் பிடித்துக்கொண்டு போவார்கள். காலடியில் இப்படி ஒரு தண்ணீர் இருக்கும்போது குழாய்க்கு யார் மனுப் போடப் போகிறார்கள்? மனைக்கு ஒரு கிணறு, மனைக்கு ஒரு செப்டிக் டேங்க் என்று ஊர் வளர்ந்தது.

அந்த வீடுகளுக்கு மாலை நேரங்களில் நான் வரைபடம் போட்டேன். அப்போது வாஸ்து மோகம் காட்டுத்தீயாகப் பரவியிருந்தது. கிணறு ஈசானிய மூலையில், அதாவது வடகிழக்கில் இருக்க வேண்டும். செப்டிக் டேங்க் வாயு மூலையில், வடமேற்கில். நான் கத்தோலிக்கன், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் அது எனக்கு வசதியாக இருந்தது. வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி கேட்டதால், ஒரு தாளில் வரைந்ததை அடுத்த தாளுக்குப் படியெடுத்தால் போதும். ஒரே மனைக்குள் கிணற்றுக்கும் தொட்டிக்கும் விதிப்படி தேவையான இடைவெளியும் கிடைத்துவிடும். ஒப்புதல் தருகிற இடத்திலும் கேள்வி வராது. அங்கே போகிற தாளில் ஒரு மனைதான் இருக்கும். இரண்டு பக்கமும் வெறும் கோடு போட்டு ‘அடுத்தவர் மனை’ என்று எழுதி விட்டுவிடுவோம்.

படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு தாள் எடுத்து இரண்டு கட்டம் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தால் புரியும். மேற்கு வீட்டின் வடகிழக்கு மூலையும் கிழக்கு வீட்டின் வடமேற்கு மூலையும் ஒன்றையொன்று தொடுகின்றன. ஒரு வீட்டின் கிணற்றை ஒட்டி, சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த வீட்டின் மலக்குழி. தெரு முழுவதும் அப்படித்தான். பழைய பெரிய வீடுகளில் இந்த விதியால் கேடு இல்லை. ஒரு வீடே ஒரு தெருவின் அகலம். ஒடுக்கமான மனைகளுக்கு அதே விதியைக் கொண்டுவந்து, எல்லாரையும் ஒழுங்காகப் பின்பற்ற வைத்து, தெரு முழுவதையும் கெடுத்தேன். பாடம் நடத்துகிறவனுக்கு இரண்டாவது கட்டத்தைப் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை.

3

எனக்கு அது தெரிந்தது கருப்பையாவின் புதுமனை புகுவிழாவில்தான்.

ஊரில் இருந்த வயலை விற்று அவர் கட்டிய வீடு. மொட்டை மாடியில் சாமியானா போட்டுப் பந்தி நடந்தது. நான் சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு மேற்குக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றேன். கீழே கருப்பையாவின் செப்டிக் டேங்க். அதன் சிமெண்டு மூடி புதிதாக, வழவழப்பாக இருந்ததால் அதன் மேலும் யாரோ கோலம் போட்டிருந்தார்கள். அதை ஒட்டிச் சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ராஜம்மா டீச்சர் கிணற்றில் வாளி விட்டு இறைத்துக்கொண்டிருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சார், மேல நின்னு எங்க வீட்ட வேவு பாக்குறீகளா?”

“பந்திக்கு வரலையா டீச்சர்?”

“பந்தியே நான்தான் நடத்துறேன். கருப்பையா வீட்டுக் கெணறு இன்னும் கலங்கலா இருக்குல்ல? சமையலுக்கு இங்கருந்துதான் தண்ணி போவுது. சாம்பார் ருசியா இருந்துச்சுன்னா எனக்குத்தான் சொல்லணும்.”

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கோலமும் வாளியும் ஒரே பார்வையில் விழுந்தன. தலையைத் தூக்கித் தெருவைப் பார்த்தேன். டீச்சரின் தொட்டிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுக் கிணறு. அந்த வீட்டுத் தொட்டிக்கு அந்தப் பக்கம் அதற்கடுத்த கிணறு. கிணறு, சுவர், தொட்டி. கிணறு, சுவர், தொட்டி. எல்லாம் என் கை வரைந்தவை. இந்தப் பக்கம் திரும்பினேன். கருப்பையாவின் கிணற்றுக்குக் கிழக்கே இருந்த மனை மட்டும் இன்னும் காலி. கருவேல மரம் மண்டிக் கிடந்தது.

கருப்பையா படியேறி வந்தார். புது வேட்டி, நெற்றியில் சந்தனம்.

“என்னண்ணே, இங்குட்டு வந்து தனியா நிக்கிறீக? பாயசம் ரெண்டாந்தடவை வருது, வாங்க.”

“கருப்பையா…”

“மேஸ்திரி சொல்றான்ணே, கெணறும் தொட்டியும் மூலைக்கு மூலை கச்சிதம், வரைஞ்ச கைக்கு மோதிரம் போடணும்னு. மோதிரத்துக்கு எங்குட்டுப் போறது, பாயசம்தான் இருக்கு.”

நான் போய்ப் பாயசம் குடித்தேன்.

4

அன்று சொல்லவில்லை என்பதைக்கூட ஒரு தயக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். அடுத்தது அப்படியில்லை.

சில மாதங்களில் அந்தக் காலி மனையின் சொந்தக்காரர் என்னிடம் வந்தார். பெயர் நாச்சியப்பன், ஜவுளிக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர், கேலிக்காரர். அவருடைய தொட்டி வாயு மூலையில் வந்தால் அது நேராகக் கருப்பையாவின் கிணற்றை ஒட்டும். இதை மட்டுமாவது தடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

“தொட்டியத் தெக்குப் பக்கமா, தெருவ ஒட்டி வச்சுக்கலாமே?”

“சார், நீங்க சேசுவக் கும்புடுறவுக. எங்குட்டு வச்சாலும் உங்க சாமி கோவிச்சுக்காது. நான் கடைக்காரன். தொட்டி மூலை மாறுச்சுன்னா யாவாரம் படுத்துரும்.”

“பக்கத்து வீட்டுக் கெணறு சுவரை ஒட்டி இருக்கு, பாருங்க.”

“அது அவுக மூலை, இது நம்ம மூலை. அதுக்குத்தானே நடுவுல செவரு வக்கிறோம்? செவத்துக்கு அங்குட்டு இருக்கிறது அவுக பாடு.”

“அப்படியானால் நான் வரைய மாட்டேன்” என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அவர் ஏன் என்று கேட்பார். விளக்கினால், அப்போ இந்தத் தெருவில் நீங்கள் வரைந்த வீடெல்லாம் என்ன கதி என்று கேட்பார். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். அப்போது என் மனைவி இறந்து ஓராண்டு ஆகியிருந்தது. செலின் என்னைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள விண்ணப்பித்திருந்தாள். ஒரு நல்ல வாத்தியார் என்ற பெயரோடு ஊரைவிட்டுப் போக விரும்பினேன். பாதாளச் சாக்கடை வரப்போகிறது என்று ஊரில் ஒரு பேச்சும் இருந்தது. வந்துவிட்டால் தொட்டிகளே தேவைப்படாது. என் தவறும் மண்ணுக்குள் போய்விடும். அந்தப் பேச்சை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

நாச்சியப்பன் கேட்ட மூலையிலேயே தொட்டியை வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

5

நான் இங்கே வந்த இரண்டாவது ஆண்டு, கார்த்திகையில் ஊரில் நல்ல மழை. கிணறுகளில் தண்ணீர் கைக்கெட்டும் உயரத்துக்கு ஏறிவிட்டது என்று கருப்பையா மகிழ்ச்சியாகச் சொன்னார். வள்ளி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். அடுத்த ஞாயிறு கூப்பிட்டபோது வீட்டில் யாரும் எடுக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறு எடுத்தார்.

“காமாலைண்ணே. தெருவுல பல பேருக்கு வந்துச்சு, கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தோம், தெளிஞ்சிருச்சு. இவளுக்கு மட்டும் ஏறிக்கிட்டே போச்சு. மதுரைக்குக் கொண்டுபோயிட்டோம். புள்ளைய எடுத்துட்டாக. இவளக் காப்பாத்திக் குடுத்ததே பெருசுன்னாக.”

ஆண் குழந்தை என்றார்.

ஒரு மாதம் கழித்து அவரே சொன்னார்: வாஸ்து பார்க்கிறவரை அழைத்து வந்து வீட்டைக் காட்டினார்களாம். வாசல் கேட்டு இருந்த இடத்தில்தான் குற்றம் என்று அவர் சொன்னதால் கேட்டை இடித்து நகர்த்திவிட்டார்களாம்.

“கெணறும் தொட்டியும் அம்புட்டுப் பொருத்தம்னாருண்ணே. இத வரைஞ்சது யாருன்னு கேட்டாரு. உங்க பேரச் சொன்னேன்.”

“கடவுள் சித்தம்” என்று சொல்லிவிட்டு வைத்தேன். அதைவிடக் கேவலமான ஒரு சொல்லை நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை.

அந்த வாரம் இங்குள்ள கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பங்குச் சாமியார் இத்தாலிக்காரர். அவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி, எனக்கும் அப்படித்தான். ஒரு நண்பரிடம் உண்மையை மறைத்தேன் என்று மட்டும் சொன்னேன். சில செபங்கள் சொல்லச் சொல்லி மன்னித்து அனுப்பினார். அவ்வளவு சுலபமாகக் கிடைத்த மன்னிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல், பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டுவிட்டு நின்றேன்.

அதன் பிறகும் ஞாயிறுதோறும் அவரைக் கூப்பிட்டேன். கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று இரண்டொரு முறை சொன்னேன். “கனடாக்காரர் பேச்சப் பாரு, நம்ம தண்ணியப் போயி” என்று மீனாள் பின்னாலிருந்து சிரித்தார். காரணத்தைச் சொல்லாத எச்சரிக்கை யார் காதில் ஏறும்?

6

கூட்டத்துக்குச் செலின் என்னை அழைத்துப் போனாள். கோட்டும் கழுத்துப்பட்டியும் போடவைத்தாள். மண்டபம் நிறைந்திருந்தது. பெரும்பாலோர் எங்களைப் போல வீடு வாங்கி நுழைய முடியாதவர்கள். கைக்குழந்தையோடு வந்தவர்கள் இருந்தார்கள். வாடகையும் கட்டி, கடனுக்குத் தவணையும் கட்டி ஓய்ந்தவர்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

நகரத்தின் பொறியாளர் ஓர் இளம்பெண். குழாய் கோடையில் வந்துவிடும், அதுவரை பொறுங்கள் என்று படம் காட்டி விளக்கினாள். முடிக்குமுன்பே பின்வரிசையில் கூச்சல் எழுந்தது. தொட்டி யோசனையைச் சொன்ன கட்டுநர் எழுந்தபோது கைதட்டினார்கள்.

பெயர் கூப்பிடுகிற அம்மாள் “மிசஸ் சூசி” என்றார். யாரும் எழவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டபோதுதான் சூசை என்ற என் பெயர் அப்படி ஆகியிருப்பது புரிந்தது. ஒரு கிழவன் எழுந்ததும் மண்டபத்தில் சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்பு எங்கள் பக்கத்துச் சிரிப்புதான். இவர் நமக்காகப் பேச வந்தவர் என்று செலின் பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி வைத்திருந்தாள்.

ஒலிபெருக்கி முன் நின்றேன். தொட்டி வைத்தால் ஒன்றும் ஆகாது என்று சொல்லத்தான் எழுந்தேன். மகளின் முகம் தெரிந்தது. அந்த முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. ஏழாம் மாதம் பிறக்க இன்னும் எத்தனை நாள் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தது.

“நான் தென்னிந்தியாவில் ஒரு சிறிய ஊரில் வீடுகளுக்கு வரைபடம் போட்டவன்” என்று ஆரம்பித்தேன். “அங்கே நாங்களும் குழாய் பிறகு வரும் என்றுதான் வீடுகளை முதலில் கட்டினோம். குழாய் வரும்வரை தொட்டி என்றோம். ஒவ்வொரு வீடும் தன் மனைக்குள் எல்லாவற்றையும் சரியாகச் செய்தது. தொட்டி கசிந்தது பக்கத்து வீட்டுக் கிணற்றில். ஒரு குழந்தை பிறக்காமலே இறந்துபோனது. அந்தத் தொட்டியை வரைந்தது நான்.”

ஒரு மன்ற உறுப்பினர், இங்கே யாரும் கிணற்றுத் தண்ணீர் குடிப்பதில்லையே, பிறகு என்ன பயம் என்று நயமாகவே கேட்டார்.

“உண்மைதான். ஆனால் இந்த நிலத்துக்குக் கீழே ஒரு ஓடை போகிறது. அது யாருடைய மனைக்குள்ளும் அடங்காது. இன்னொன்றும் சொல்கிறேன். வீட்டில் ஆட்கள் குடியேறிய பிறகு குழாய்க்கு அவசரம் போய்விடும். எங்கள் ஊரில் தற்காலிகமாக வைத்த தொட்டி இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.”

உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை. என் பேச்சால்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குழாய் வரும்வரை பொறுத்திருக்க வேண்டும் என்றே முடிவாயிற்று. வெளியே வரும்போது கைக்குழந்தைக்காரர் ஒருவர் என்னைப் பார்த்து, “இந்தக் குளிர்காலத்துக்கு உங்களுக்கு நன்றி ஐயா” என்றார். அவர் சொன்னது நன்றி இல்லை.

7

செலின் காரைக் கிளப்பவில்லை. கண்ணாடியில் பனி படிந்துகொண்டிருந்தது.

“அது வள்ளிதானே?”

“ஆமா.”

“கருப்பையா மாமாவுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“வீடு போச்சேன்னுகூட எனக்கு இல்லப்பா. கோடையில போயிக்கிருவோம். இத்தனை வெள்ளைக்காரவுக முன்னாடி சொல்லிட்டீக. சொல்ல வேண்டிய ஒருத்தருகிட்டச் சொல்லல. இப்ப இங்க பேசுனது யாருக்கு?”

வள்ளி மறுபடி உண்டாகியிருப்பதையும், அந்த வீட்டுக்கு வரப்போவதையும் சொன்னேன். அவள் ஸ்டியரிங்கில் வைத்திருந்த கையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

“நான் நர்ஸுப்பா. சாக்கடை கலந்த தண்ணியில வர்ற அந்தக் காமாலை, மாசமா இருக்கிறவளுக்கு வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். போன தடவை அவ பொழைச்சதே அதிசயம்.”

மறுநாள் காலை, வேலைக்குப் போகுமுன் அவளே எண்களை அழுத்தி என் கையில் கொடுத்தாள். எதிரில் நின்றாள். அங்கே மாலை. கருப்பையா உற்சாகமாகத்தான் எடுத்தார்.

“என்னண்ணே, ஞாயித்துக்கெழமைகூட இல்லையே? மகள் புது வீட்டுக்குப் போயாச்சா?”

நான் நிறுத்தாமல் சொன்னேன். நிறுத்தினால் தொடர மாட்டேன் என்று தெரியும். மூலைகளைச் சொன்னேன், நாச்சியப்பனின் தொட்டியைச் சொன்னேன், மொட்டை மாடியில் எனக்குத் தெரிந்துவிட்டதைச் சொன்னேன். வள்ளியைக் கூட்டி வர வேண்டாம் என்றேன். அந்தத் தண்ணீரை இனி யாரும் குடிக்க வேண்டாம் என்றேன்.

பின்னால் மீனாள் யாரையோ கூப்பிடுவது கேட்டது. அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“அப்ப எங்க தொட்டி?”

“ம்?”

“எங்க தொட்டிண்ணே. செவத்துக்கு அங்குட்டு ராஜம்மா டீச்சர் கெணறுல்ல?”

“ஆமா கருப்பையா.”

“டீச்சருக்கு ரெண்டு தடவை காமாலை வந்துச்சே. நான்தானே கீழாநெல்லி பறிச்சுக் கொண்டுபோய்க் குடுத்தேன்.”

தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

8

அதன் பிறகு வந்த ஞாயிறுகளில் கூப்பிட்டேன். மணி அடித்து நின்றது. ஒருமுறை மீனாள் எடுத்தார். “வள்ளி மாமியார் வீட்டுலயே இருக்கா” என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். அந்த ஒரு வாக்கியத்தை அன்று முழுவதும் வைத்துக்கொண்டிருந்தேன்.

பொங்கல் கழிந்து ஒரு நாள், கருப்பையாவே கூப்பிட்டார். இத்தனை ஆண்டுகளில் அவர் இங்கே கூப்பிட்டது அதுவே முதல் முறை.

“சார், நான் கருப்பையா பேசுறேன்.”

முப்பது ஆண்டு அண்ணன் என்று கூப்பிட்டவர். நான் திருத்தவில்லை. திருத்துகிற உரிமை எனக்கு இல்லை.

“டீச்சர் வீட்டுல போய்ச் சொல்லிட்டேன். எங்க தொட்டியத் தோண்டி மூடிட்டுத் தெக்க மாத்திக்கிட்டு இருக்கேன். டீச்சர் ஒண்ணும் சொல்லல, ஒக்காரச் சொல்லிக் காப்பி குடுத்தாக. குடிக்க முடியல. நாச்சியப்பன்தான் நம்ப மாட்டேங்குறாரு. வாஸ்துக்காரரு பொருத்தம்னாரு, இஞ்சினியரு கையெழுத்துப் போட்டாரு, நீ யாருய்யா புதுசாச் சொல்றதுக்குங்குறாரு. தெருவுல மத்தவுகளும் அப்படித்தான். நீங்க எழுதுங்க சார். எனக்கு எழுத வேணாம். எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதுங்க. உங்க பேரப் போட்டு எழுதுங்க.”

“எழுதுறேன். வள்ளி எப்படி இருக்கா?”

“இருக்கா. நாள் நெருங்கிருச்சு.”

வைத்துவிட்டார்.

எங்கள் தெருமுனை வீடுகள் இன்னும் இருட்டாகத்தான் இருக்கின்றன. நடைபயிற்சிக்குப் போகும்போது, கோடைக்காகக் குழாய் புதைக்கிற பள்ளம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வருகிறேன். பேத்தியும் சில நாள் கூட வருவாள்.

காரைக்குடியில் ரயிலடிக்கு அந்தப் பக்கம் செம்மண் பொட்டலில் எழுந்த தெருக்களில் குடியிருக்கிறவர்களுக்கு இதை எழுதுகிறேன். மற்ற ஊர்களில் அப்படிப்பட்ட தெருக்களில் இருக்கிறவர்களும் படிக்கலாம். இன்று உங்கள் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். உங்கள் கிணற்றைப் பார்க்க வேண்டாம். அது சரியான மூலையில்தான் இருக்கும். கிணற்றை ஒட்டிய சுவருக்கு அங்குட்டு என்ன இருக்கிறது என்று பாருங்கள். பிறகு மறுபக்கம் வந்து, உங்கள் தொட்டிக்கு அங்குட்டு யாருடைய வாளி இறங்குகிறது என்று பாருங்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். பக்கத்து வீட்டோடு சேர்ந்து தொட்டியை மாற்றுங்கள். தனியாக மாற்றிப் பயனில்லை. குழாய்க்கும் சாக்கடைக்கும் எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுங்கள். அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டுமுன் கொடுங்கள்.

நாச்சியப்பன், இது உங்களுக்கும்தான். அந்தக் கையெழுத்து என்னுடையது. உங்கள் வரைபடத்தின் வலது கீழ் மூலையில் இருக்கும். அதை நம்பிய அளவுக்கு இதையும் நம்புங்கள்.

ம. சூசைமாணிக்கம்